ஓவர்டைமுக்கு வரியே இல்லையா? தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்திதான் சுற்றிக்கொண்டிருக்கிறது: ஓவர்டைமுக்கு வரி இல்லை, டிப்ஸுக்கு வரி இல்லை, 65 வயதானால் ஆளுக்கு 6,000 டாலர். இதை நம்பி, வராத பணத்துக்குச் செலவு எழுதி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர். தனியாக வரி கட்டுகிறவர், மணிக்கு 40 டாலர் சம்பளம். 2025இல் 200 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தார். ஒன்றரை மடங்கு என்பதால் மணிக்கு 60, மொத்தம் 12,000 டாலர். அது முழுவதற்கும் வரி கிடையாது, 22 சதவீதத்தில் 2,640 டாலர் மிஞ்சும் என்று நினைத்து, ஊரில் அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாகச் சொல்லிவிட்டார். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சட்டம் கழிக்கச் சொல்வது அந்த 60இல் கூடுதலாக வரும் 20 டாலரை மட்டும்தான். 200 மணிக்கு 4,000. அதுவும் கையில் வரும் பணம் இல்லை. வரிக்குரிய வருமானம் அவ்வளவு குறையும். அவருடைய 22 சதவீத அடுக்கில் மிச்சம் 880 டாலர். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதம் அந்த 12,000 முழுவதற்கும் உண்டு. அதுவே 918. “சொன்ன வாக்கை இனி எப்படி மாற்றுவேன்” என்று கேட்டார். 880 டாலர் சின்னத் தொகை இல்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பார்.

2025ஆம் ஆண்டின் டபிள்யூ-2 படிவத்தில், அதாவது முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையில், இந்த ஓவர்டைம் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று முதலாளிகளுக்குக் கட்டாயம் இல்லை. பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) வைத்து நாமே கணக்கிட வேண்டியிருக்கும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் வருமான வரியில் இந்தக் கழிவு கிடையாது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

பெற்றோர் விஷயம்தான் எனக்கு அதிக வருத்தம். கிரீன் கார்டில் பிள்ளைகளோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு 12,000 டாலருக்குக் காசோலை வரும் என்று ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். அது காசோலை இல்லை, கழிவு. கட்டுகிற வரி இருந்தால்தான் மிச்சம். 65 வயதைத் தாண்டிய தம்பதிக்கு 2025இல் வழக்கமான கழிவுகளே 34,700 டாலர் வருகின்றன. வருமானம் அதற்குள் இருந்தால் புதிய 6,000களால் ஒரு டாலரும் மிஞ்சாது. மகனோ மகளோ பெற்றோரைத் தங்கள் படிவத்தில் சார்ந்தவர்களாகக் காட்டி இந்தக் கழிவை எடுக்கவும் முடியாது. தம்பதியின் வருமானம் 1,50,000ஐத் தாண்டினால் இது கரையத் தொடங்கும்.

கார் கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆனால் அமெரிக்காவில் பொருத்தி முடித்த புது வண்டியாக, 2024க்குப் பிறகு வாங்கிய கடனாக இருக்க வேண்டும், லீஸ் ஆகாது. இருவரும் ஐடியில் இருக்கும் வீட்டில் வருமானம் 2,00,000ஐத் தாண்டியதும், தாண்டும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கழிவு 200 வீதம் குறையும். 2,000 டாலர் வட்டி என்றால் 2,10,000இல் ஒன்றுமே இல்லை.

இந்தக் கழிவுகள் 2028 வரைக்கும்தான். ஆண்டுதோறும் ஜனவரி கடைசியில் டபிள்யூ-2 கைக்கு வரும்போதுதான் உங்கள் பொங்கல் விழாக்களும் நடக்கின்றன. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசை போடுங்கள். வருகிறவர்களை டிசம்பர் மாதக் கடைசி பே ஸ்டப்பையும் கார் கடன் அறிக்கையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வரி தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குக் கால் மணி நேரம் போதும். என் ஊர்ச் சங்கம் கூப்பிட்டால் முதல் ஆளாக நான் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
ஒரு சங்க உறுப்பினர்