ஒரே க்ளோனை நம்பி நடாத மாப்ள

மாப்ள,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், பொண்ணு தீசிஸ் எழுதிட்டிருக்கா, அதனால வீட்ல சத்தமா இருமக்கூட பெர்மிஷன் கிடையாது. ரிட்டயர் ஆனதுலேர்ந்து பேச ஆள் கெடைக்காம கெடந்தேன், நீயா வந்து கோகோ பத்தி கேட்டுட்ட, இனி அனுபவி.

"இருக்கறதுலயே பெஸ்ட் க்ளோன் எதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு, அதையே தோட்டம் முழுக்க நட்டுடறேன்"னு எழுதிருக்க. க்ளோன்னா ஒரே தாய் மரத்துலேர்ந்து ஒட்டுப் போட்டு எடுக்கற நகல் மரம்தானே. ஏன் கேக்கறன்னு புரியுது, 2024 டிசம்பர்ல நியூயார்க் மார்க்கெட்ல கோகோ டன் 12,000 டாலரத் தாண்டுச்சுல்ல, அதுலேர்ந்து எனக்கு போன் பண்றவன் எல்லாம் இதையேதான் கேக்கறான், அதுக்கப்புறம் விலை சரிஞ்சது மட்டும் எவன் கண்ணுலயும் படல.

வெளைச்சல் மட்டும்தான் வேணும்னா சிசிஎன் 51-னு சொல்லிட்டு நான் லெட்டர முடிச்சுடலாம். எக்வடார்ல ஹோமெரோ காஸ்ட்ரோன்னு ஒருத்தர் நரன்ஹால்ல கிராஸ் பண்ணிப் பண்ணிப் பாத்து 1965-ல தேர்ந்தெடுத்தது, காய் பெருசு, காய்ப்பும் நெறைய, தன் மகரந்தத்துலயே காய் புடிக்கும், வேற மரம் பக்கத்துல வேணும்னு இல்ல. ஆனா டேஸ்ட்? அந்த ஊரோட பழைய நசியோனால் கோகோல பூ வாசம் வரும் பாரு, அது இதுல கெடையாது, புளிக்க வைக்கிறதுல தனி கவனம் எடுத்தா ஓரளவு தேறும்னு சொல்றாங்க, எனக்கென்னவோ அப்பவும் புளிப்பும் துவர்ப்பும்தான் முன்னாடி நிக்குது. வெளைச்சல், ருசி, நோய் தாங்கற சக்தி மூணையும் ஒரே மரத்துல உக்கார வைக்கிறதுக்குத்தான் கோகோ பிரீடிங்ல இருக்கற எல்லாரும் ஆயுசக் கரைக்கிறோம்.

நோய் விஷயம்தான் உனக்கு முக்கியமா சொல்லணும். 1930-கள் கடைசில பவுண்டுன்னு ஒரு விஞ்ஞானி, ட்ரினிடாட்ல வேலை பாத்தவர், விட்ச்சஸ் புரூம்ங்கற பூஞ்சை நோய் தாக்காத மரம் எங்கயாவது இருக்கான்னு அமேசான் மேல்பகுதி முழுக்க தேடி அலைஞ்சாரு. அப்படிக் கெடச்சதுல ஒண்ணுதான் ஸ்கவினா 6. விதை ரொம்ப சின்னது, சாக்லேட் கம்பெனிக்காரன் திரும்பிக்கூட பாக்க மாட்டான், ஆனா அந்தப் பூஞ்சைய தாங்குச்சு. சரி, இதையும் பெரிய விதை இருக்கற ட்ரினிடாட் செலக்‌ஷன்களையும் கிராஸ் பண்ணிக்கலாம்னு எல்லா ஆராய்ச்சி ஸ்டேஷன்லயும் ஆரம்பிச்சாங்க. 1989-ல பிரேசில்ல கோகோ அதிகமா வெளையற பாயியா மாநிலம் பக்கம் அந்த நோய் நுழைஞ்சுது, அதுவரைக்கும் அது அமேசான் பக்கமே கெடந்த நோய்டா, தொண்ணூறுகள் முடியறதுக்குள்ள கோகோ ஏத்துமதி பண்ணிட்டிருந்த நாடு இறக்குமதி பண்ற நெலமைக்கு வந்துடுச்சு. அப்ப அவசர அவசரமா பரப்புன எதிர்ப்பு ரகங்கள்ல பெரும்பாலானது ஸ்கவினா வழி வந்ததுதான். கொஞ்ச வருஷம் நல்லாத்தான் போச்சு, அப்புறம் பூஞ்சையே தன்ன மாத்திக்கிட்டு அந்த மரங்கள்லயும் ஏற ஆரம்பிச்சுது. எதிர்ப்பு சக்தி முழுசும் ஒரே தாத்தாகிட்டேர்ந்து வந்தா அவரு தோத்த அன்னிக்கு குடும்பமே தோத்துடும்.

காப்பிலயும் இதே கததான். டிமோர் தீவுல அராபிகாவும் ரொபஸ்டாவும் தானா கலந்து உண்டான ஒரு செடி, அதோட வாரிசுங்கதான் கேட்டிமோர் ரகங்கள், துரு நோய் வராதுன்னு நம்பி ஹோண்டுராஸ்ல லெம்பிரான்னு ஒண்ண எக்கச்சக்கமா நட்டாங்க, 2017-ல அதுலயும் துரு வந்துடுச்சுன்னு அறிவிச்சாங்க. வாழைய கேக்கவே வேணாம், க்ரோ மிஷெல் ரகம் போச்சு, கேவண்டிஷ் ரகம் வந்துச்சு, இப்ப அதுக்கு டிஆர் 4-ங்கற வாடல் நோய்ப் பூஞ்சை, 2019-ல கொலம்பியா வரைக்கும் எட்டிடுச்சு. வாழைல விதையே இல்லாததால கிராஸ் பண்றதே பெரும்பாடு, அதுக்கு கோகோ எவ்வளவோ தேவல.

தேவலன்னுதான் சொன்னேன், சுலபம்னு சொல்லல. தண்டுலயே பூக்கற பூவு, நகம் சைஸ் கூட இருக்காது, ஒரு நாள்தான் ஆயுசு, காலைலயே போயி ஆண் பாகத்த இடுக்கியால எடுத்துட்டு வேற மரத்து மகரந்தத்த தடவி மூடி வெக்கணும், அப்படியும் பாதி உதுரும். ஒட்டிக்கிச்சுன்னா காய் முத்த அஞ்சாறு மாசம், அந்த விதைய நட்டு அது காய்க்க மூணு நாலு வருஷம், ஒரு வருஷக் காய்ப்ப வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்கறதால மறுபடி பல வருஷம் கணக்கெடுக்கணும். 2010-லயே கோகோவோட ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவயும், படிச்சு முடிச்சாங்க, அதனால நாத்தா இருக்கறப்பவே டிஎன்ஏ பாத்து கொஞ்சத்த கழிச்சுக் கட்டலாம், அது பெரிய உபகாரம், ஆனா மரம் வளர்ற வேகம் அப்படியேதான் இருக்கு. ஒருத்தன் சர்வீஸ்ல ரெண்டு தலைமுறை மரம் பாத்தா அதிர்ஷ்டம்.

இன்னொரு வம்பு, கோகோ விதைய காயவெச்சு ஃப்ரீஸர்ல வெக்க முடியாது, செத்துடும். அதனால கலெக்‌ஷன்னா உயிரோட நிக்கற மரம்தான், ட்ரினிடாட்ல சுமாரா 2,400 வகை இருக்கு, கோஸ்டா ரிக்கால கட்டியேங்கற ஆராய்ச்சி மையத்துல ஒரு பெரிய தொகுப்பு இருக்கு. களை எடுக்க, கவாத்து பண்ணன்னு வருஷா வருஷம் காசு வேணும், புது ரகம் ரிலீஸ் பண்ணா போட்டோ புடிக்க வருவானுங்க, இதுக்கு காசு கேட்டா ஒருத்தனும் இருக்க மாட்டான். எரிச்சலா வரும்டா.

ஆக, உன் தோட்டத்துக்கு அஞ்சாறு க்ளோனாவது கலந்து நடு, அதுங்களோட எதிர்ப்பு சக்தி வேற வேற பூர்வீகத்துலேர்ந்து வந்ததா பாரு. அதோட நெறைய க்ளோனுக்கு தன் மகரந்தம் ஏத்துக்காது, அது ஒண்ணையே நட்டா பூவா பூத்துத் தள்ளும், காய் இருக்காது, சில க்ளோனுங்க ஒண்ணோட ஒண்ணும் சேராது. அதனால நர்சரிக்காரன்கிட்ட எது எதோட சேரும்ங்கற சார்ட்டக் கேளு, இல்லன்னு சொன்னான்னா கன்னு வாங்காம திரும்பி வந்துடு. வரிசைய எப்படிக் கலக்கறதுன்னு நான் படம் போட்டு அனுப்பறேன், அதுக்கு முன்னாடி உன் நெலத்துல தண்ணி எங்கெங்க தேங்குதுன்னு எழுது. தங்கச்சிய கேட்டதா சொல்லு.