கழுத்துக் கருப்பும் சோத்துத் தட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல சாப்பாடும் சருமமும்னு ஒரு பக்கம் வந்துச்சு, கேரட் பீட்ரூட் ஜூஸ் குடிங்க, பாதாம ஊறவச்சு சாப்பிடுங்க, மாதுளை சாப்பிடுங்க, முகம் பளபளன்னு ஆயிடும்னு போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல. ஆனா நீடாமங்கலம் பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கறவன்ங்கற முறையில சொல்றேன், எங்க ஊர் ஜனங்க தோலப் பத்தி தினமும் கேக்கற விஷயம் அந்தப் பக்கத்துல ஒரு வரி கூட இல்ல. பின்கழுத்துல கருப்பா, தடிப்பா, தொட்டா வெல்வெட் துணி மாதிரி படியுதே, அதத்தான் சொல்றேன்.

பொண்ண கூட்டிட்டு வர்ற அம்மாங்க முக்காவாசிப் பேர் கவரிங் செயின் போட்டு கருத்துடுச்சுன்னு சொல்லுவாங்க, பையனா இருந்தா சரியா குளிக்கறதில்ல அழுக்குன்னு நம்ம முன்னாடியே ஒரு திட்டு. எலுமிச்சம்பழம், கடலமாவு, பீர்க்கங்கா நாரு, சோடா மாவு எல்லாம் போட்டு தேய்ச்சு தேய்ச்சு புள்ளைங்க கழுத்து எரிச்சல் எடுத்துதான் கடைக்கு வருவாங்க, அப்பவும் அந்த கருப்பு அப்படியேதான் இருக்கும், தேய்க்க தேய்க்க தோல் இன்னும் தடிச்சுதான் போகும். கிளாஸ்ல பசங்க கிண்டல் பண்றாங்கன்னு முடிய அவுத்துப் போட்டு கழுத்த மறைக்கற பொண்ணுங்க எத்தனையோ பேர்.

இதுக்கு டாக்டருங்க வச்சிருக்கற பேரு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். பேர விடுங்க, வெவரம் இதான்: நாம சாப்பிடற மாவுச்சத்து சர்க்கரையா ரத்தத்துல ஏறுறப்ப கணையம் இன்சுலின விடுது, ஆனா உடம்பு எடை ஏறி, குறிப்பா தொப்பை விழுந்து, வேலையும் கொறஞ்சு போனா அந்த இன்சுலினுக்கு உடம்பு மசியறதில்ல, அதனால கணையம் இன்னும் இன்னும் அதிகமா விடுது. அந்த மிச்ச இன்சுலின் தோல்ல இருக்கற செல்லுங்கள தூண்டி விட்டு வேகமா பெருக வைக்குது, கழுத்து, அக்குள், தொடை இடுக்குன்னு மடிப்பு இருக்கற எடத்துல எல்லாம் தடிச்சு கருத்துடுது, கூடவே சின்ன சின்னதா மரு தொங்கும். இதுல கவனிக்க வேண்டியது, இந்த கட்டத்துல ரத்தத்துல சுகர் பாத்தா நார்மலாவே கூட இருக்கலாம். சுகர் வர்றதுக்கு வருஷக்கணக்குல முன்னாடியே தோல் சொல்லிடுது. நாம என்னடான்னா நாரு போட்டு தேய்ச்சிட்டு இருக்கோம்.

டெல்டாவுல இது ஏன் பெரிய விஷயம்னா நம்ம தட்டு அப்படி. காலைல இட்லி தோசை, மத்தியானம் மலையா சோறு அதுக்கு ஒரு கரண்டி கொழம்பு, தொட்டுக்க அப்பளம் இல்லன்னா உருளக்கெழங்கு, சாயந்தரம் டீயோட பஜ்ஜி, ராத்திரி மறுபடி தோசை, இல்லன்னா புரோட்டா. அரிசிய குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க, நெல்லு வெளையற ஊர்ல பொறந்துட்டு அப்படி சொன்னா அடிக்க வருவாங்க. எங்க தாத்தா காலத்துலயும் இதே அளவு சோறுதான், ஆனா அவுங்க விடிகாலைல வயலுக்கு எறங்குனா பொழுது சாயத்தான் ஏறுவாங்க. இப்ப நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், கடைத்தெருவுக்கு போக பைக்கு, வேலை போயிடுச்சு சோறு மட்டும் கொறையல. அரிசியும் நல்லா தீட்டுன வெள்ளை அரிசி. பொன்னி அரிசிய சோதிச்சு பாத்ததுல கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது சாப்பாடு ரத்தத்துல சர்க்கரைய எவ்வளவு வேகமா ஏத்துதுங்கற அளவு, 70 சொச்சம்னு வந்திருக்கு, 70-ம் அதுக்கு மேலயும் போனாலே அதிகம்ங்கறதுதான் கணக்கு. புள்ளைங்களுக்கு இதுக்கு மேல கூல் டிரிங்ஸ், பேக்கரி பப்ஸ், கிரீம் பன்னு.

பருவுக்கும் இதே கதைதான் கொஞ்சம். சட்டுன்னு சர்க்கரை ஏத்தற சாப்பாடு இன்சுலினயும் ஐஜிஎஃப்-1ங்கற ஒரு ஹார்மோனயும் ஏத்தி விட்டு எண்ணெய் சுரப்பிய முடுக்கி விடுது. 2007-ல ஆஸ்திரேலியாவுல பருவு இருந்த பசங்களுக்கு அந்த மாதிரி சாப்பாட்ட கொறச்சு 12 வாரம் பாத்தப்ப பருவு கொறஞ்சிருக்கு. நம்ம வீட்ல எண்ணெய் பலகாரம் சாப்பிட்டா பருவு வரும்னு முறுக்க ஒளிச்சு வச்சிட்டு ரஸ்னாவ கலக்கி குடுப்பாங்க, என்னத்த சொல்ல.

எல்லா கருப்பும் இது ஒண்ணாலதான்னும் சொல்லிட முடியாது. வெரல் முட்டியெல்லாம் கருத்து, சோர்வு, கை கால் மரத்துப் போறதுன்னு இருந்தா அது பி12ங்கற வைட்டமின் கொறைவா இருக்கலாம், வேலூர் சிஎம்சி டாக்டருங்க 1963-லயே இத எழுதி வச்சிருக்காங்க, பி12 குடுத்தா அந்த கருப்பு மறையுது. கறி மீன் முட்டை தொடாதவங்க, அதோட பாலு தயிரும் சேத்துக்காதவங்க இத கவனிக்கணும். இன்னொண்ணு, வயசானவங்களுக்கு திடீர்னு கழுத்து கருத்து ஒடம்பும் இளைச்சிட்டே போனா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடணும், அபூர்வமா அது வயித்துக்குள்ள புத்துநோய்க்கு அறிகுறியா இருக்கும்.

எங்க தொழில் ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், திட்டுனாலும் பரவால்ல. கழுத்து கருப்புன்னு வந்தா ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கற டியூப எடுத்து நீட்டிடறாங்க. நிறைய ஸ்டீராய்டு கிரீம டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே சட்டம் வந்தாச்சு. மாசக்கணக்குல தடவுனா தோல் மெலிஞ்சு, செவந்து, பருவு கெளம்பி, முகத்துல முடி வேற மொளைக்கும். உள்ள இருக்கற இன்சுலின் பிரச்சனைக்கு மேல பூசி என்ன ஆகப் போகுது.

செய்ய வேண்டியது செலவு இல்லாதது. சோத்த பாதியா கொறச்சு அந்த எடத்துல காய், கீரை, பயறு, முட்டை. மொதல்ல காயையும் பருப்பையும் சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு சாப்பிட்டா சர்க்கரை ஏர்றது கொஞ்சம் நிதானமாகும். நாகப்பட்டினம் மத்தி மீன விட ஒசத்தியா எதையும் பாதாம் விலைக்கு வாங்க வேணாம். வீட்டுக்கு வீடு முருங்க மரம் நிக்குது, கீரைய ஆட்டுக்கு ஒடிச்சு போட்டுட்டு கேரட்ட கிலோ கணக்குல வாங்கறோம். அப்புறம் நடக்கணும், ஓடணும், வெளையாடணும், எடை கொறஞ்சு வந்தா அந்த கருப்பும் மெதுவா வெளுத்து தோல் பழையபடி மெத்துன்னு ஆகும், மாசங்கள் ஆகும், அவசரப்படக் கூடாது. பொண்ணுங்களுக்கு கழுத்து கருப்போட மாதவிடாயும் தள்ளிப் போயி மொகத்துல முடியும் இருந்தா பிசிஓடிங்கற சினைப்பை கோளாறு இருக்கான்னு லேடி டாக்டர்ட்ட பாத்துடுங்க.

ஆசிரியர் அவர்களே, நான் கேக்கறது ரெண்டு விஷயம். தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, அங்க இருக்கற ஒரு தோல் டாக்டரயோ சுகர் டாக்டரயோ கேட்டு அதே ஞாயித்துக்கிழமை இணைப்புல கழுத்து போட்டோவோட ஒரு பக்கம் போடுங்க, கலர்ல போடுங்க, கருப்பு வெள்ளைல போட்டா ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-லேர்ந்து வீட்டுக்கே வந்து பிபி சுகர் பாக்கறாங்க, நல்ல விஷயம், ஆனா அது பெரியவங்களுக்கு. ஸ்கூலுக்கு வர்ற மருத்துவக் குழு பல்லு கண்ணு பாக்கறப்ப காலர தூக்கி கழுத்தயும் ஒரு பார்வை பாத்து, கருத்திருந்தா அப்பா அம்மாவ கூப்பிட்டு சொல்லணும்னு சுகாதாரத்துறைக்கு போய் சேர்ற மாதிரி எழுதுங்க. அதுக்கு ஊசி வேணாம், ரத்தம் வேணாம், மிஷின் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் ஷாப்காரன்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.