2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் வீட்டாரே, வணக்கம்.

எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்களான முடக்குவாதமும் லூபஸும் உள்ளவர்களுக்கான நம் சங்கம் இந்த ஆண்டும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் கூடியது. மழை கொட்டிய கார்த்திகையில் மட்டும் ஃபோனில் பேசிக்கொண்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் படுத்தியது மூட்டு அல்ல, வைரஸ்தான்.

ஆவணிக் கூட்டத்துக்கு ஓர் அக்கா இடது விலாவை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தார். முதுகிலிருந்து விலா வரை பட்டையாகக் கொப்புளம், அதன்மேல் காய்ந்து வெடித்த செங்காவி. அக்கி எழுதியிருந்தார். முடக்குவாதத்துக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரையில் அக்கி வரும் வாய்ப்பு கூடுதல் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாமும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பிலேயே தங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாகக் கிளம்புகிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன். அவர் டாக்டரிடம் போனது ஆறாம் நாள். கொப்புளம் ஆறியது, ஆனால் தை வரை வலி போகவில்லை. புடவை உரசினாலே துடித்துப்போவார். காவி நம் பாட்டிமார் பழக்கம், குளிர்ச்சியாக இருக்கும், சரி. ஆனால் நாம் முதலில் போக வேண்டியது டாக்டரிடம்.

அதனால் ஐப்பசிக் கூட்டத்தைத் தடுப்பூசிக்கென்றே ஒதுக்கினோம். நம்மைப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உயிருள்ள வைரஸ் சேர்ந்த ஊசிகள் பொதுவாக ஆகாது. ஃப்ளூ ஊசியில் அந்தப் பயம் இல்லை, ஆண்டுதோறும் போடலாம். போட்டபின், நம்மில் பலர் சாப்பிடும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வதுண்டு, நோய் கட்டுக்குள் இருந்தால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால்தான். அக்கிக்கான புதிய ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதிலும் உயிருள்ள வைரஸ் இல்லை. விலைதான் நம்மில் பலருக்கு எட்டவில்லை. அதற்கு உதவ ஒரு நிதி திரட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி போடப்போகிறவர்கள் ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள். உள்ளே அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் மறுபடி தலையெடுத்துக் கல்லீரலைக் கெடுத்துவிடலாம்.

மார்கழியில் கொசு தன் வேலையைக் காட்டியது. லூபஸ் உள்ள கல்லூரி மாணவி ஒருத்தி, மணிக்கட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்ததும் லூபஸ்தான் கிளம்பிவிட்டது என்று ஸ்டீராய்டைத் தானே இரட்டிப்பாக்கிக்கொண்டாள். பரிசோதித்தால் சிக்குன்குனியா. 2006-ல் ஊர் ஊராக மக்கள் எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். அப்புறம், காய்ச்சல் என்றதும் ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தியவரும் நம்மில் உண்டு. நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், அன்றே டாக்டரை ஃபோனில் பிடியுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், உடம்பு சுடவில்லையே என்றும் இருந்துவிடாதீர்கள்.

சாப்பிடும் மருந்து, போட்ட ஊசி, டாக்டர் எண் மூன்றையும் எழுதிக்கொள்ள ஓர் அட்டை அச்சிட்டிருக்கிறோம். வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் மடங்காதவர்களுக்கு நம் பிள்ளைகள் அங்கேயே எழுதித் தருவார்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்