மேய்ச்சல் நிலத்தைக் காக்கத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழிக் காற்று ஓயாத மலையடிவாரத்தில் ஆடுமாடு வளர்க்கும் குடும்பங்களின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

2017-இல் ஒக்கிப் புயலின் மழையில் எங்கள் மேய்ச்சல் சரிவில் விழுந்த அரிப்பு, 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் மாடு இறங்கி ஏற முடியாத ஓடையாகிவிட்டது. ஓடைத் தலையில் விளிம்பு தாண்டி விழும் தண்ணீர் அடிமண்ணைக் குடைய, மேல்மண் இடிந்து, பள்ளம் மழைக்கு மழை மேட்டை நோக்கி ஏறியது. மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றவர்களே அதிகம். மேலிருந்து வரும் தண்ணீரை முதலில் மறிக்காமல் பள்ளத்தில் எதைச் செய்தாலும் நிற்காது என்று வாதாடி, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் சரிவில் சம உயரக் கோடு பிடித்துத் தந்த ஓய்வுபெற்ற வேளாண் பணியாளருக்கு எங்கள் முதல் நன்றி.

அந்தக் கோட்டில் வரப்பு எடுத்த பெண்களுக்கும், செங்குத்துக் கரையைச் சாய்வாகச் சீவி, வேண்டாத இடத்தில் ஒரு கை மண்ணும் தோண்டாத ஜேசிபி ஓட்டுநருக்கும் நன்றி. கல் அடுக்கியவர்கள் ஒவ்வொரு தடுப்பணையின் நடுவையும் தாழ்த்தி, ஓரங்களைக் கரைக்குள் புதைத்து, கீழணையின் உச்சி மேலணையின் அடிக்குச் சம மட்டத்தில் இருக்கும்படி அமைத்தார்கள். நடு தாழாதிருந்தால் தண்ணீர் ஓரத்தை அறுத்துப் புது வழி கண்டிருக்கும்.

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்தால், எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைக்கும் ஆட்டுக்கிடைக்கு வயல்காரர்கள் காசு கொடுத்துப் போட்டி போடுவது இங்கு வழக்கம். அந்த வருமானத்தை ஒதுக்கிவைத்து, சீவிய கரையிலும் வெறுந்தரையிலும் கிடை போட்ட அண்ணாச்சிக்கு என்ன கைம்மாறு செய்வோம்! வைக்கோலையும் கொழுக்கட்டைப் புல் விதையையும் நாங்கள் பரப்ப, ஆடுகளின் குளம்புகள் இறுகிய மேலோட்டை உடைத்து, புழுக்கையோடு அவற்றை மண்ணில் மிதித்துச் சேர்த்தன. ஒரே இடத்தில் நெடுநாள் அடைத்தால் தரை மீண்டும் இறுகும் என்பதால், அவர் இரவுக்கு இரவு கிடையை மாற்றினார்.

மழை தொடங்கியபின், புல் விதை கட்டும்வரை மாடுகளைக் கட்டிப்போட்டு வேறிடத்தில் புல்லறுத்து வந்த குடும்பங்களுக்குத்தான் நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். மண்வேலைக்குக் கிடைத்த பாராட்டு இந்தப் பொறுமைக்குக் கிடைக்கவில்லை.

கடைசித் தடுப்பணை வண்டலால் நிரம்பிவிட்டது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதன்மேல் ஒரு வரிசைக் கல் ஏற்ற வேண்டும். கல் அடுக்கியவர்கள் மீண்டும் வர வேண்டுகிறோம். கிடைக்கார அண்ணாச்சிக்காக வைக்கோல் போர் போட்டு வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மேய்ச்சல் நிலக் குடும்பங்கள் சார்பில்.