நெபமூன் ஓவியப் பலகை: ஆர்டர் கொடுக்குமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எகிப்தியச் சுவரோவியப் பலகை வாங்குகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை மூன்று. நீலம் ஏன் ஒரே சீராக இல்லை? எங்கள் சுவர் அகலத்துக்குப் படத்தை இழுத்துத் தர முடியுமா? எங்கள் பெயரை எகிப்தியப் பட எழுத்தில் எழுதித் தருவீர்களா? மூன்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன் நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஓவியம் எந்த நாளைய தோற்றத்தில் வேண்டும்?

நெபமூன் என்பவர் பண்டைய எகிப்தின் தீப்ஸ் நகரில் அமூன் என்ற கடவுளின் கோயிலில் தானியக் கணக்கர். அவருடைய கல்லறைச் சுவர்களில் கி.மு. 1350 வாக்கில் வரைந்த ஓவியங்கள் 1820களில் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றில் 11 துண்டுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இப்போது பார்த்தால் நீலம் உதிர்ந்திருக்கும், விளிம்புகள் உடைந்திருக்கும். அமூன் வழிபாட்டை ஒடுக்கிய அரசர் அகெனாத்தென் ஆட்சியில் அமூனின் பெயரை எங்கு கண்டாலும் செதுக்கி அழித்தார்கள். நெபமூனின் பெயருக்குள்ளேயே அமூன் இருப்பதால் அந்த இடமும் கொத்துப்பட்டது. "இன்றைய தோற்றம்" கேட்டால் இந்தக் கொத்தலையும் சேர்த்தே வரைவோம். 2014-ல் எகிப்தின் லக்சரில் திறந்த, அரசர் துத்தன்காமூன் கல்லறையின் பிரதியில் சுவரின் பழுப்புப் புள்ளிகளைக்கூட விடவில்லை. அது நேர்மையான வழி என்றே நாங்களும் நினைக்கிறோம்.

"வரைந்த நாள் தோற்றம்" கேட்டால் நிறம் முழுமையாக இருக்கும், பெயரும் முழுதாக இருக்கும். ஆனால் மூலத்தில் இல்லாமலே போன பகுதியைக் கற்பனையில் நிரப்ப மாட்டோம். பாப்பிரஸ் கோரைப் புதர் போல அதே படத்தில் பக்கத்திலேயே திரும்ப வருவதை மட்டும் தொடர்வோம், மற்ற இடம் வெறும் பூச்சாக நிற்கும். ஒரு முகத்தையோ ஒரு வரி எழுத்தையோ நாங்களாக எழுதிச் சேர்ப்பது சரியல்ல.

அடித்தளம். 12 மி.மீ. பிளைவுட்டில் சணல் துணி ஒட்டி, அதன்மேல் மண் பூச்சு: களிமண் 1 பங்கு, மணல் இரண்டரைப் பங்கு, 2 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் அரைப் பங்கு. இதைக் குழைத்து 7 நாள் ஊறவிட்டால் வைக்கோல் புளித்து மண்ணுக்குப் பிசுபிசுப்பு வரும். பிறகு 8 மி.மீ. கனத்தில் பூசி, நிழலில் 12 நாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் சுருங்கி, வலை வலையாக வெடிக்கும். அதன்மேல் ஒன்றரை மி.மீ. ஜிப்சம். வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பத்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால், கரைக்கும் தண்ணீரில் சிறிது வஜ்ஜிரப் பசை சேர்த்து அதைத் தாமதப்படுத்துகிறோம். சாய்த்துப் பார்த்தால் லேசான மேடு பள்ளம் தெரியும். தேய்த்து மழமழவென்று ஆக்கினால் சன்மைக்கா போலாகிவிடும், வேண்டாம்.

அளவு. எகிப்தியர்கள் காவியில் தோய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கட்டம் போட்டார்கள், நம் தச்சர்கள் நூலடிப்பது போலத்தான். நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி முடி வரை 18 கட்டம். முழங்கால் 6-வது கோட்டில், தோள் ஏறக்குறைய 16-வது கோட்டில். உட்கார்ந்த உருவத்துக்கு 14. நெற்றி முடி வரை 45 செ.மீ. வேண்டுமானால் கட்டம் இரண்டரை செ.மீ., 36 போதுமானால் 2 செ.மீ. இப்படிக் கட்டத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். அகலத்தை மட்டும் இழுத்தால் கட்டம் சதுரமாக இராது, உருவம் குட்டையாகத் தெரியும். நீளச் சுவர் என்றால் அதற்கேற்ற காட்சியைத் தேர்ந்தெடுத்துத் தருகிறோம்.

படத்தை இடம் வலமாகத் திருப்பிக் கேட்பவர்களுக்கும் முடியாது என்பதே பதில். பட எழுத்துகளில் பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். கணினியில் திருப்பிப் போட்டால் படிக்கும் திசை மாறிவிடும், வலக்கை வேலையெல்லாம் இடக்கைக்குப் போய்விடும்.

இனி நீலம். கடையில் கிடைக்கும் அல்ட்ராமரின் பொடியைப் பயன்படுத்துவதில்லை. எகிப்திய நீலம் சூளையில் பிறப்பது. ஒரு கிலோ கலவைக்குச் சிலிக்கா மணல் 530 கிராம், கால்சியம் கார்பனேட் 220 கிராம், மாலகைட் என்ற செம்புத் தாதுப் பொடி 250 கிராம், உருக்குத் துணையாகச் சலவைச் சோடா 50 கிராம். மின்சூளையில் 900 டிகிரியில் 24 மணி நேரம். முதல் சூட்டில் பெரும்பாலும் பச்சைத் திட்டு நிற்கும். அதனால் பொடித்து மறுபடி சுட வேண்டும். காற்று போதவில்லையென்றால் செம்பு சிவந்துவிடும். சூடு 1050 டிகிரிக்கு மேல் போனால் நீலம் சிதைந்து கண்ணாடியாக உருகும்.

அரைப்பதில்தான் நிறமே இருக்கிறது. பருமனாக விட்டால் ஆழ்ந்த நீலம், நைசாக அரைத்தால் வெளிறிய வான நிறம். ஆகவே ஆழ்நீலம் பூசிய இடத்தை லென்ஸில் பார்த்தால் நொறுங்கிய கண்ணாடி போலத் துகள் துகளாக மினுங்கும், ஒரு துகள் அடர்ந்தும் பக்கத்துத் துகள் வெளிறியும் இருக்கும். நீலம் சீராக இல்லை என்று நீங்கள் சொல்வது அதுதான். இந்தத் துகள் கிண்ணத்தின் அடியில் தங்கும், ஒவ்வொரு தீற்றலுக்கும் கலக்க வேண்டும். பிடிமானத்துக்குக் கருவேலம் பிசின், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டியது. அதை நிறத்துக்குத் தக்கபடி இளக்குகிறோம். பிசின் மிகுந்தால் பூச்சு சுருண்டு உரியும், குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். மூலச் சுவர்களில் நீலம் முதலில் உதிர்வதற்கும் இந்தப் பருமன்தான் பெரிய காரணம்.

மற்ற நிறங்கள் எளிது: சிவப்புக்குக் காவிக்கல், கறுப்புக்குப் புகைக்கரி, வெள்ளைக்கு ஜிப்சம். பளிச்சென்ற மஞ்சளுக்கு எகிப்தியர்கள் அரிதாரம் என்ற கனிமமும் பயன்படுத்தினார்கள். அது ஆர்சனிக் விஷம், வெளிச்சத்தில் வெளுக்கவும் வெளுக்கும். நாங்கள் மஞ்சள் காவி மண்ணே போடுகிறோம், மூலத்தைவிட ஒரு படி மங்கல்தான். புதர்க்காட்டில் பறவை பிடிக்கும் பூனையின் கண்ணுக்கு மட்டும் மூலத்தில் இருப்பதுபோலவே தங்க ரேக்கு வைக்கிறோம். அரிசியளவு இடம்தான், ஆனால் விளக்கொளி பட்டதும் முதலில் தெரிவது அந்தக் கண்தான்.

பெயர். எகிப்திய எழுத்தில் பெயரைச் சுற்றி வரும் முட்டை வடிவ வளையம் அரச குடும்பத்தின் பெயருக்கு உரியது. அதில் பெயர் கேட்டால் பலகையின் பின்புறத்தில் எழுதித் தருகிறோம், ஓவியத்துக்குள் அல்ல. எகிப்தை ஆண்ட தாலமி, கிளியோபாட்ரா பெயர்களில் லகரத்துக்குப் படுத்த சிங்கம் வரும். உங்கள் பெயரின் ல, ள, ழ மூன்றுக்கும் அந்த ஒரே சிங்கம்தான், வேறு வழியில்லை.

மாட்டுவது. 60க்கு 45 செ.மீ. பலகை 6 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு ஆணி போதாது, இரண்டு திருகாணி வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் இடையே ஒரு செ.மீ. கட்டை கொடுங்கள். ஓதம் ஏறினால் வைக்கோலுக்குக் கரையான் வரும். பிசின் தண்ணீரில் கரையும், ஆகவே ஈரத்துணி படவே கூடாது. மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். வார்னிஷ் அடித்தால் நீலம் கருத்துப் போகும்.

ஆர்டரிலிருந்து கைக்கு வர 7 வாரம். எந்தத் தோற்றம் என்பதை மண் பூச்சு காய்வதற்குள், அதாவது மூன்றாவது வாரத்துக்குள் சொல்லுங்கள். தகவல் இல்லையென்றால் இன்றைய தோற்றத்தையே வரைவோம்.

அன்புடன்,
பட்டறையினர்