‘மருந்து வேண்டாம்’ என்ற விடைக்கு மதிப்பெண் உண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்து எதிர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்கு எப்படித் தப்புகின்றன என்பதை நன்றாகவே விளக்கியிருந்தது. மருத்துவ மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கட்டுரை தொடாத ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அதில் என் பங்கும் உண்டு.

பாக்டீரியா மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும், எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றும். மாணவர்கள் இதை அழகாகப் படம் போட்டே எழுதிவிடுவார்கள். வார்டுக்குப் போகும்போது அது பழைய பாடமாகியிருக்கும். கிருமியை ஒரு வருடத்திலும் நோயாளியை வேறொரு வருடத்திலும் காட்டினால் வேறென்ன ஆகும்?

ஓய்வுபெற்ற பிறகு, நான் தயாரித்த வினாத்தாள்களை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். ‘இந்தக் கிருமிக்கு எந்த மருந்து?’ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ‘மருந்தே வேண்டாம்’ என்பது சரியான விடையாக வரும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீர் போக டியூப் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாகப் பேசுகிறார். யாரோ அனுப்பிவைத்த சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாணவரின் கை பேனாவைத் தேடும். நாள்பட டியூப் இருந்தால் சிறுநீரில் பாக்டீரியா குடியேறுவது சகஜம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைச் சிகிச்சைகளுக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர, அறிகுறி இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தால் அவருக்கு லாபமில்லை; குடலில் இருக்கும் கிருமிகளுக்குப் பயிற்சி கொடுத்ததுதான் மிச்சம். கல்ச்சரை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்த நான், அதை எப்போது அனுப்பக் கூடாது என்று சொல்லித் தரவே இல்லை.

செவிலியர் மாணவர்களுக்கு இது ‘டாக்டர் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். கடும் தொற்றில் முதல் டோஸ் போவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட்டதா என்பது பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் ‘இந்த ஊசி இன்னும் தேவையா?’ என்று கேட்கவும் அவர்களால் முடியும். மருந்தியல் மாணவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. ‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று கடைசி வருட மாணவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழகுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய தட்டில் படிப்படியாக மருந்தின் அளவைக் கூட்டி வைத்து ஈ.கோலையை வளர்த்தார்கள். சுமார் 11 நாளில், முதலில் அதைக் கொன்ற அளவைப் போல ஆயிரம் மடங்கு மருந்திலும் அது வளர்ந்தது. அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினால் போதும், என் மூன்று மணி நேர லெக்சர் மிச்சம்.

வினாத்தாள் தயாரிக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், மேலே சொன்ன முதியவரை அப்படியே கேள்வியாக்கிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்