2022-இல் எங்கள் மின்சாரத்தைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளே,

இலங்கையின் எட்டியாந்தோட்டைக்கு மேலே, ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் எங்கள் மின் பாவனையாளர் சங்கத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். வருடாந்தக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கவே நேரம் போய்விட்டது. நன்றி சொல்ல வேண்டியவர்களோ நிறையப் பேர்.

2022 எப்படிப் போனது என்று நம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. அப்போதும் நம் வீடுகளில் பல்பு எரிந்தது. அதற்காக உழைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பவர் ஹவுஸ் பொறுப்பாளர் அண்ணனுக்கு. தென்மேல் பருவமழை கொட்டும் இரவுகளில் வாய்க்கால் முகப்புச் சல்லடையில் இலையும் சுள்ளியும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குழாயில் தண்ணீர் குறையும், டர்பைன் வேகம் இறங்கும், ஊர் முழுக்க வெளிச்சம் மங்கும். அப்படி மங்கியதும் டோர்ச்சும் கையுமாக அட்டை கடிக்கும் பாதையில் ஏறிப் போவார் அவர். காலையில் நாம் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். அவர் போய் வந்ததே பலருக்குத் தெரியாது.

ஜூனில் பேரிங் தேய்ந்து சத்தம் போட்டது. புதிது வாங்கலாம் என்றால் ரூபாயின் மதிப்பு விழுந்ததில் விலை எட்டவே இல்லை, கடைகளில் சரக்கும் இல்லை. பழைய பேரிங் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்கேற்ற புஷ்ஷைக் கடைந்து கொடுத்தார் டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயா. பட்டறைக்கு மின்சாரம் வரும் கொஞ்ச நேரத்தில் தன் சொந்த வேலைகளைத் தள்ளிவைத்து நம் வேலையைச் செய்தார். பெற்றோல் இல்லாததால் அதை நடந்தே கொண்டுவந்து சேர்த்த தம்பிமாருக்கும் நன்றி.

அடுத்தது உறுப்பினர்களாகிய உங்களுக்கு. நம்முடையது போன்ற சின்ன நிலையத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200 வாட்தான். பல்பு, டீவி, போன் சார்ஜ், அவ்வளவே தாங்கும். கேஸ் கிடைக்காத அந்த மாதங்களில் ரைஸ் குக்கரைச் செருகிவிட யாருக்குத்தான் மனம் வராது? நாலு வீட்டில் செருகியிருந்தால் ஊரே இருண்டிருக்கும். புகையில் கண் எரிய விறகு அடுப்பு ஊதினீர்கள், ஆனால் குக்கரைத் தொடவில்லை. அக்காமாரே, இது சின்ன விஷயம் இல்லை.

மே 23-இல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை தொடங்கியது. அதற்கு முந்திய வாரங்களில் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்தும் கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் பிள்ளைகள் நம் சனசமூக நிலையத்துக்குப் படிக்க வந்தார்கள். அந்த வெளிச்சத்துக்காகத் தங்கள் வீட்டு டீவியை நிறுத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த பாட்டிமாருக்கும் என் வணக்கம்.

மின்சார சபை லைன் வந்த பிறகும் சந்தாவை நிறுத்தாமல் கட்டிவந்த குடும்பங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். லைன் வந்ததும் எத்தனையோ ஊர்களில் இப்படியான நிலையங்களைக் கைவிட்டுவிட்டார்கள். இங்கேயும் அந்தப் பேச்சு எழுந்தது. "இருக்கட்டும், ஒருநாள் தேவைப்படும்" என்று நீங்கள் கட்டிய பணத்தில்தான் டர்பைன் இன்றுவரை சுற்றுகிறது. விலகிப் போயிருந்தவர்கள் 2022-இல் திரும்பி வந்தபோது ஒரு சொல்லும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டீர்கள். அது இன்னும் பெரிய மனசு.

ஆகஸ்டில் மின்சார சபைக் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. சீமெந்து விலையும் இரட்டிப்புக்கு மேல் போயிருந்தது. நம் சந்தாவையும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று பொருளாளர் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. வெள்ளத்தில் உடைந்த அணை ஓரத்தைக் கூலி வாங்காமல் கூடிச் சிரமதானத்தில் கட்டியதும் நீங்களே. கல்லும் மணலும் எடுக்க அனுமதித்த தோட்ட நிர்வாகத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தண்ணீர் குறையும் மாதங்கள் வரப்போகின்றன. அதற்கு முன், தைப்பொங்கல் முடிந்து வரும் ஞாயிறு காலையில் வாய்க்கால் மண் அள்ளுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
சங்கச் செயலாளர்